அம்மாவுக்கு நான் கொடுத்த பிறந்தநாள்

1

முதியோர் இல்லத்தில் காலைப் பணிக்கு வருகிற நர்ஸ் முதலில் செய்ய வேண்டியது பலகை எழுதுவது. மருந்து வண்டி, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் அதற்குப் பிறகுதான். கூடத்தில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பலகையில் நேற்றையதை அழித்துவிட்டு இன்றைய தேதி, கிழமை, வெளியே மழையா வெயிலா என்று எழுத வேண்டும். இங்கே பெரும்பாலும் மழைதான். அதற்குக் கீழே 'இன்று என்ன நாள்' என்று மூன்று நான்கு வரி. நாள் மறந்துபோன கிழவர்களுக்கு நாளைப் பிடித்துக் கையில் கொடுக்கும் ஏற்பாடு இது. இதற்கென்றே தடியாக ஒரு புத்தகம் வைத்திருக்கிறார்கள். எந்தத் தேதியைத் திருப்பினாலும் யாரோ பிறந்திருப்பார்கள், எங்கோ போர் மூண்டிருக்கும், எதற்கோ விழிப்புணர்வு நாளாக இருக்கும். கை கழுவுவதற்கு ஒரு நாள் உண்டு, அக்டோபர் பதினைந்து. கழிப்பறைக்கு நவம்பர் பத்தொன்பது. அதற்கு அடுத்த அடுத்த நாளே மீன்வளத்துக்கும் தொலைக்காட்சிக்கும் சேர்த்து ஒரே தேதி. மீன்காரி மகளான எனக்கு மீனுக்கு ஒரு நாள் இருப்பது இங்கே வந்துதான் தெரியும்.

டிசம்பர் இருபத்தாறுக்கு அந்தப் புத்தகத்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் என்ற விடுமுறைக் குறிப்பு மட்டும் இருந்தது. முதல் வருஷமே நானாகக் கீழே ஒரு வரி சேர்த்தேன். மேலாளர் பார்த்தார், அழிக்கவில்லை.

இன்று மார்ச் எட்டு, ஞாயிறு. உலக மகளிர் தினம் என்று எழுதினேன். ரொட்டி கேட்டு ரஷ்யப் பெண்கள் தெருவில் இறங்கிய நாள். குறுந்தகடு என்ற ஒன்றை முதன்முதலாக உலகத்துக்குக் காட்டிய நாள். நோயாளிகளுக்கும் நர்ஸுகளுக்கும் காவலரான ஒரு புனிதரின் திருநாளும் இதுவேதான். இன்னொரு வரிக்கு இடம் இருந்தது. ஊரூர் குப்பம் தேசம்மாள் பிறந்தநாள் என்று எழுதியிருக்கலாம். பாஸ்போர்ட்டில் அப்படித்தான் இருக்கிறது. இன்றோடு அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது முடிகிறது. எனக்கு முப்பத்தொன்பது முடிந்து எட்டு மாதம் ஆகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் இதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். விசா அதிகாரியும் அப்படித்தான் உட்கார்ந்தார்.

நான் இருக்கும் நாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கோழைத்தனம்தான். என் கோப்பு அவர்களிடம் இருக்கிறது.

மார்கரெட் அம்மாள் வழக்கம்போல் தள்ளு நாற்காலியில் வந்து பலகை முன் நின்றார். "இன்று யாருக்காவது பிறந்தநாளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்லது. கேக் தின்று தின்று அலுத்துவிட்டது." அவருக்குத் தொண்ணூற்றொன்று. கேட்டால் எண்பத்தொன்பது என்பார். எல்லோரும் சிரிப்போம். இரண்டு வயதைக் குறைத்துச் சொன்னதற்காக அவரை யாரும் எங்கும் கூப்பிட்டு விசாரித்ததில்லை.

2

அம்மா எப்போது பிறந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அவளைக் கேட்டால், "நான் பொறந்த அன்னிக்கி எறா கொட்டோ கொட்டுனு கொட்டிச்சாம். எங்கம்மா கூடைய எறக்கி வெச்சிட்டு வலில உக்காந்துச்சாம்" என்பாள். இறால் நிறையப் பட்ட நாள் என்று எந்த விண்ணப்பத்தில் எழுதுவது?

ஆதார் எடுக்கும் முகாம் எங்கள் பக்கம் வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. நர்ஸிங் முடித்து அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. எங்கள் சந்தில் படிவத்தைத் தப்பில்லாமல் நிரப்பத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான் என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. மூன்று சாயங்காலம், கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டி மேல் உட்கார்ந்து, மடியில் அட்டை வைத்து எழுதினேன். பெயர், தகப்பன் பெயர், புருஷன் பெயர் எல்லாம் மளமளவென்று வந்தது. பிறந்த தேதி வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். "நீயே எதுனா போடு புவனா."

போட்டேன். எனக்குத் தெரிந்த நல்ல நாட்கள் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்த நாட்கள்தான். ஆகஸ்ட் பதினைந்து, ஜனவரி இருபத்தாறு, நவம்பர் பதினான்கு, செப்டம்பர் ஐந்து. அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவுக்கு மே ஒன்று. பாஞ்சாலை அத்தைக்கு டீச்சர் தினம் போடப் போனேன், அவள் தடுத்தாள்.

"எனுக்கு காந்தி பொறந்த நாளப் போடு."

"ஏன் அத்தே?"

"அன்னிக்கித்தான் கட மூடுவானுங்கோ. என் வூட்டுக்காரன் அன்னிக்கி ஒரு நாளுதான் வூட்ல கீறான். எனுக்கு அதாண்டி திருநாளு."

சந்தே சிரித்தது. இன்றைக்கும் ஆகஸ்ட் பதினைந்து காலையில் எங்கள் சந்தில் ஏழெட்டுப் பெண்களுக்கு ஒரே நேரத்தில் போன் கம்பெனியிலிருந்து பிறந்தநாள் வாழ்த்து வருகிறது. அப்படி ஒரு தேசபக்தியுள்ள சந்து சென்னையில் வேறு இருக்காது.

அம்மாவுக்கு மார்ச் எட்டு. கையில் மிச்சமிருந்த நாட்களில் அதுதான் கௌரவமாகத் தெரிந்தது. கூடை தூக்கி என்னைப் படிக்க வைத்தவளுக்கு மகளிர் தினத்தைவிடப் பொருத்தமான நாள் உண்டா என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்று என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. ஆனால் நாளில் தப்பில்லை. தப்பு வருஷத்தில்.

அந்த வாரம் குப்பத்தில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மீன் விற்கும் பெண்களுக்கு மூடி போட்ட ஐஸ் பெட்டி தரப்போகிறார்களாம், நாற்பதுக்குள் இருக்கிறவர்களுக்கு மட்டும்தானாம், வயதை ஆதாரில் பார்ப்பார்களாம். யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. பெண்கள் எல்லோரும் என்னிடம் வந்து வயதைக் குறைத்துக்கொண்டு போனார்கள். அம்மாவுக்கு அப்போது நாற்பத்தொன்பது இருக்கும். பிறந்த வருஷம் அறுபத்திரண்டு என்று எழுதப்போன இடத்தில் எழுபத்து நான்கு என்று எழுதினேன். முப்பத்தேழு வயது ஆயிற்று. நான் எப்போது பிறந்தேன் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. என் சான்றிதழ் வேறு பையில் இருந்தது.

ஐஸ் பெட்டி வந்தது. நீல மூடி போட்டது. வயதையும் கேட்கவில்லை, ஆதாரையும் கேட்கவில்லை. வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

3

போன ஐப்பசி மழையில் அம்மா படகுத்துறைப் பக்கம் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. கம்பி வைத்தார்கள். நான் பத்தொன்பது நாள் விடுப்பில் போய் உடனிருந்தேன். இருபதாம் நாள் விமானம் ஏறினேன். அம்மா கைப்பிடி வைத்த நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சந்து முனை வரைக்கும் நடந்து வந்தாள். "போய்க்கினே இரு, திரும்பாத" என்றாள். நானும் திரும்பவில்லை.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. நான் ஒரே பிள்ளை. செல்வி அக்காதான் காலையில் கஞ்சி, மதியம் சோறு, குளிக்க வெந்நீர். அவருக்கும் அறுபது ஆகப்போகிறது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தால் மகன் வீட்டோடு ஆதம்பாக்கம் போய்விடுவார், பேரனைப் பார்த்துக்கொள்ள. "உங்கம்மாவ வுட்டுட்டுப் போறமேன்னுதான் கீது. இன்னா செய்ய?" என்று போனில் அழுகிறார்.

நீ திரும்பி வந்தால் என்ன என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். கணவருக்கு இங்கே கிடங்கில் வேலை. மகள் தாராவுக்கு ஒன்பது வயது, தமிழில் நன்றாகப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். இதெல்லாம் சொல்லுவதற்கு வசதியான காரணங்கள். உண்மையான காரணம், நான் இந்த வாழ்க்கைக்குப் பழகிவிட்டேன். அதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். மார்கரெட் அம்மாளுக்குச் சம்பளத்துக்கு முதுகு தேய்த்துவிடுகிறேன், என் அம்மாவுக்கு யாரோ ஊற்றுகிற வெந்நீர்.

அம்மாவை இங்கே அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தேன். பிள்ளையை நம்பி வாழும் முதிய பெற்றோர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. டிசம்பரில் ஒரு கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். ஆவணங்களின்படி நீங்கள் பிறந்தபோது உங்கள் தாயாருக்கு வயது பன்னிரண்டு, மாதம் நான்கு. இதற்கு விளக்கம் தரவும்.

சமையலறையில் நின்றபடியே படித்தேன். பெட்டி மேல் உட்கார்ந்து 1974 என்று எழுதிய என் கையெழுத்து கண் முன்னால் வந்தது. அழகான கையெழுத்து.

ஆதாரைத் திருத்தலாமே என்று தொடங்கினேன். செல்வி அக்கா அம்மாவை ஆட்டோவில் வைத்து இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போனார். பிறப்புச் சான்று கேட்டார்கள், இல்லை. பள்ளிச் சான்று, அம்மா பள்ளிக்கூடத்து வாசலை என்னைக் கொண்டுவிடத்தான் மிதித்திருக்கிறாள். நான் பிறந்த ஆஸ்பத்திரியின் பிரசவச் சீட்டு இருந்தால் அதில் தாய் வயது இருக்கும். நான் பிறந்தது வீட்டில். பழைய ரேஷன் கார்டில் அம்மாவின் வயது சரியாக எழுதியிருந்தது. அது இரண்டாயிரத்து நான்கு டிசம்பர் இருபத்தாறாம் தேதி கடல் உள்ளே வந்தபோது பீரோவோடு போனது.

இங்கே விசா வேலை பார்த்துக் கொடுக்கும் ஒருவரைக் கேட்டேன். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "தேதி பொய் என்று நீங்கள் சொன்னால் பாஸ்போர்ட்டே பொய் என்று ஆகிவிடும். அந்தக் காலத்தில் குழந்தைத் திருமணம் இருந்தது, சின்ன வயதிலேயே பெற்றுவிட்டார் என்று எழுதுங்கள். உங்கள் நாட்டைப் பற்றி அவர்கள் அதை நம்புவார்கள்."

எழுதினேன். என் பாட்டனார் தன் மகளைப் பதினோரு வயதில் கட்டிக் கொடுத்தார் என்று, பார்த்தறியாத ஒரு மனிதர் மேல் பழி போட்டு, அம்மாவின் மேல் அதைவிடப் பெரிய அசிங்கத்தைப் போட்டு, கீழே என் கையெழுத்தும் போட்டு அனுப்பினேன். ஒரு பொய்யை மூட இன்னொன்று. அது முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது.

4

ஜனவரிக் கடைசியில் அம்மாவை நேர்காணலுக்கு அழைத்தார்கள்.

அதற்கு முன் மூன்று வாரம், தினமும் வேலை முடிந்து வந்ததும் போனில் பாடம் நடத்தினேன்.

"பிறந்த தேதி?"

"மார்ச்சு... எட்டு."

"வருஷம்?"

"ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி... ஏய், வெயிட்டு பண்ணு, சொல்றேன்... எழுபத்தி நாலு. கரீட்டா?"

"கரெக்ட்."

"இன்னாத்துக்குடி இத்தன தபா கேக்குற? எனுக்கு பேரு மறந்தாலும் இது மறக்காது."

நூறு நெத்திலியைக் கண்ணாலேயே எண்ணி நாலு கூறாகப் பிரிப்பவள், அந்த நாலு எண்ணை நாக்கில் நிறுத்தப் பட்ட பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தேதியை மட்டும்தான் சொல்லிக் கொடுத்தேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. என்னைப் பன்னிரண்டு வயதில் பெற்றதாகச் சொல்லு என்று ஒரு மகள் தன் தாயிடம் எப்படிச் சொல்லுவாள்? பல தடவை வாய் வரை வந்தது. தேதியைத்தான் கேட்பார்கள், வேறு எதைக் கேட்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நேர்காணல் அன்று செல்வி அக்கா அம்மாவுக்குத் தலை வாரி, பூ வைத்து, இஸ்திரி போட்ட சேலை கட்டிவிட்டு அழைத்துப் போனாராம். மயிலாப்பூர் குளத்தைத் தாண்டும்போது ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, உட்கார்ந்தபடியே கோபுரத்தைப் பார்த்து அம்மா கும்பிட்டாளாம். அலுவலகத்துக்குள் அம்மாவை மட்டும்தான் விட்டார்கள். அதிகாரி கேட்பதை ஒரு பெண் போனில் தமிழில் சொன்னாள். முக்கால் மணி நேரம் கழித்து அம்மா நடைச் சட்டத்தைத் தட்டித் தட்டி நடந்து வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

உடனே எனக்குப் போன் போட்டாள்.

"நல்லா கேட்டாங்கோ புவனா. தன்மையான மனுசங்கோ. நான் ஒண்ணு வுடாம எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"எல்லாத்தையும்னா?"

"எல்லாத்தையும்தாண்டி. நீ என் பொண்ணுதானான்னு அவங்களுக்கு டவுட்டு கீது போல. அத்தான் சுத்தி சுத்தி கேட்டாங்கோ. வுடுவனா நான்?"



5

பிப்ரவரி கடைசியில் பதில் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணங்கள் இரண்டு. மகள் எழுதிக் கொடுத்ததும் தாய் நேரில் சொன்னதும் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதால், தாயின் அடையாள ஆவணங்களை நம்ப இயலவில்லை. இரண்டாவது, அதே ஆவணங்களின்படி தாய்க்கு ஐம்பத்தோரு வயதே ஆகிறது, எனவே அவரை முதியவராகக் கருத இடமில்லை. நம்பாத ஆவணத்தை வைத்தே வயதையும் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? அவர்களிடம் அந்தத் தாளைக் கொடுத்தவள் நான்.

பின்னிணைப்பாக நேர்காணல் குறிப்பு இருந்தது. ஆங்கிலத்தில். சென்னைத் தமிழெல்லாம் உதிர்ந்து, இஸ்திரி போட்டதுபோல் அம்மா பேசியிருந்தாள். அதை நான் திரும்பத் தமிழாக்கி எழுதுகிறேன்.

கேள்வி: உங்கள் மகள் பிறந்தபோது உங்கள் வயது என்ன?

பதில்: இருபத்து நான்கு. எனக்குத் திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. இவளுக்கு முன் இரண்டு குழந்தைகள். ஒன்று வயிற்றிலேயே போயிற்று. இன்னொன்று பதினோரு நாள் இருந்தது. ஆண் குழந்தை.

கேள்வி: உங்களுக்குச் சிறு வயதில் திருமணம் நடந்ததாக உங்கள் மகள் எழுதியுள்ளார்.

பதில்: என் மகள் அப்படி எழுதியிருக்க மாட்டாள். என் தகப்பனார் அப்படிப்பட்டவர் அல்ல.

கேள்வி: வயதைப் பற்றி உறுதியாகச் சொல்கிறீர்களா?

பதில்: மூன்றாவதும் தங்காவிட்டால் என் கணவருக்கு வேறு பெண் பார்க்க அவர் வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். இவள் பிறந்தாள். தங்கினாள். எந்த வயதில் என்பது எனக்கு மறக்குமா?

எனக்கு முன்னால் இருவர் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. பதினோரு நாள் எனக்கு ஓர் அண்ணன் இருந்திருக்கிறான். முப்பத்தொன்பது வருஷம் அம்மா என்னிடம் சொல்லாததை, நான் அவள் மகள்தான் என்று நிரூபிக்க, முகம் தெரியாத ஓர் அதிகாரியிடம் சொல்லியிருக்கிறாள். அவர் அதைச் சுத்தமாகத் தட்டச்சு செய்து, பக்க எண் போட்டு, எனக்கே அனுப்பியிருக்கிறார். அம்மா பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை வந்திருப்பாள். அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அதனால்தான் வர முடியவில்லை.

தாரா மேசைக்கு அந்தப் பக்கம் நின்று தலைகீழாகவே படித்துவிட்டாள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த ஊர்க் கடிதங்கள் சட்டென்று புரிந்துவிடுகின்றன.

"அம்மா, இதில் பொய் சொன்னது யார்? ஆயாவா, நீயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நான்தான்."

"அப்படியென்றால் உன்னைத்தானே வரக்கூடாது என்று சொல்ல வேண்டும்?"

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். தப்பு செய்தவர் எழுந்து நின்று ஒத்துக்கொள்ள வேண்டும், அதோடு முடிந்துவிடும். ஐஸ் பெட்டியின் கதையை அவளிடம் சொல்லிப் பார்த்தேன். பாதியில், "ஒரு பெட்டிக்காகவா?" என்றாள்.

சென்னையில் ஒரு வக்கீலிடம் பேசினேன். கோர்ட்டில் மனுப் போட்டு, டாக்டரிடம் வயதுச் சான்று வாங்கி, தீர்ப்பு வந்த பிறகு ஒவ்வொரு அட்டையாக மாற்றலாம் என்றார். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். "ஆகும்மா. அது ஆகும்" என்றார். ஜூன் மாதம் செல்வி அக்கா ஆதம்பாக்கம் போகிறார் என்பதை வக்கீலிடம் சொல்லி என்ன பயன்?

மாற்றிக்கொண்டு மறுபடியும் விண்ணப்பித்தாலும், முதல் தடவை நான் எழுதிய விளக்கம் கோப்பில் இருக்கும். அதை எந்தக் கோர்ட்டும் மாற்றாது.

6

மதியம் இரண்டு மணிக்குப் பணி முடிந்து வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே எட்டரை. கூடத்து விளக்கு வெளிச்சத்தில் கட்டில் மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் செல்வி அக்கா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். தாரா என் தோளுக்கு மேலே முகத்தை நீட்டி, பள்ளியில் மகளிர் தினத்துக்குச் செய்த அட்டையைக் காமிராவில் காட்டி, ஆங்கிலத்தில் பிறந்தநாள் பாட்டைப் பாடத் தொடங்கிவிட்டாள். பாஸ்போர்ட் நகலில் தேதியைப் பார்த்து வைத்திருக்கிறாள்.

"யாருக்குடி பாடுறா?" என்றாள் அம்மா.

"உனக்குத்தாம்மா. இன்னிக்கு மார்ச் எட்டு."

"ஓ, அந்தக் கார்டு பொறந்த நாளா!" சிரித்தாள். "பாடட்டும், பாடட்டும். எனுக்கு யாரு பாடினா?"

தாரா பாடி முடித்து, கை ஆட்டிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அம்மா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். இப்போது நெற்றியும் ஒரு கண்ணும்தான் தெரிந்தது.

"லெட்டரு வந்துச்சா?"

கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. பதினோரு நாளும் அவள் கேட்டாள், பதினோரு நாளும் நான் ஏதோ சொன்னேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று பேருந்தில் வரும்போது தீர்மானித்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் அம்மா, தப்பு என் மேல்தான் என்று வாக்கியத்தைக்கூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"அம்மா, அவங்க..."

"நான் எதுனா தப்பா சொல்லிட்டேனாடி?" என்றாள் அவள் இடையில். "ராவெல்லாம் அதே ரோசனையா கீது. தேதிய கரீட்டா சொன்னேன். அப்பால அந்தப் புள்ளைங்கோ சமாச்சாரம்லாம் சொன்னேன். உனுக்குக்கூட நான் சொன்னதில்ல. சொன்னாதானே நம்புவாங்கோன்னு சொல்லிட்டேன். தப்பாயிடுச்சா?"

செல்வி அக்கா கீரை உருவுவதை நிறுத்திவிட்டு போனைப் பார்த்தார். காரணத்தைச் சொன்னால் அவள் சொன்னதைச் சொல்ல வேண்டும். அவள் சொன்னதால்தான் என்று தெரிந்தால், அந்தப் பதினோரு நாள் பிள்ளையை இன்னொரு தடவை பறிகொடுத்தவள் போல் ஆகிவிடுவாள்.

"ஒரு தப்பும் இல்லம்மா. நீ சொன்னதுதான் எல்லாத்துலயும் நல்லா இருந்துச்சு."

"அவங்களே சொன்னாங்களா?"

"எழுதியே அனுப்பியிருக்காங்க. நீ சொன்னது அப்படியே அச்சடிச்சு வந்திருக்கு."

அம்மா போனைத் தள்ளிப் பிடித்தாள். முழு முகமும் தெரிந்தது. செல்வி அக்கா பக்கம் திரும்பி, "கேட்டுக்கினியா? அச்சடிச்சே அனுப்பிச்சிட்டாங்களாம்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப ஏன்டி இன்னும் கூப்புடல?"

"கூப்பிடுவாங்கம்மா."

"செல்வி அடுத்த ஞாயித்துக்கெழம டி.நகர் போறா. அங்க எந்த மாசத்துலயும் ஸ்வெட்டரு கெடைக்குமாம். ஒண்ணு வாங்கியாரச் சொல்லவா?"

"சொல்லும்மா" என்றேன். "கழுத்து வரைக்கும் மூடினதா பாத்து வாங்கச் சொல்லு. இங்க குளிர் தாங்காது."